பழுதுபட்ட படகும் பழுதற்ற மனச்சான்றும்

ஊவா மலைகளில் வாழும் நமக்குப் படகைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். பதுளையில் பேருந்து ஏறி எந்தத் திசையில் போனாலும் உப்புக் காற்று முகத்தில் படுவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆயினும் நம்மில் பெரும்பாலோரின் பூட்டன்மார் தோணியிலும் கப்பலிலும் கடல் கடந்து வந்தவர்களே. 1977ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் நம் உறவினர் பலர் வன்னிப் பகுதியில் குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகளில் கடற்கரைக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்டவர்களும் இருக்கலாம். அதற்கும் மேலாக, பழைய படகொன்றை வாங்குவதா, விடுவதா என்னும் கேள்விக்குள் நம் வீட்டுக் கேள்விகள் பல அடங்கியிருக்கின்றன. ஆகவே இன்று அதைச் சற்று ஆறுதலாகச் சிந்திப்போம்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு தகப்பனாரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் நம் கற்பனையில் பிறந்தவர்தான்; ஆனால் அவரைப் போன்றவர்கள் எல்லாத் தோட்டங்களிலும் உண்டு. அவர் கையில் ஊழியர் சேமலாப நிதிப் பணம் வந்திருக்கிறது. வாழ்நாளில் அவ்வளவு பணத்தை அவர் ஒருமிக்கக் கண்டது அதுவே முதல் தடவை. மூத்த மகளை மன்னார்ப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம் ஒன்றில் கட்டிக் கொடுத்திருக்கிறார். மருமகன் பிறருடைய படகில் கூலிக்குத் தொழிலுக்குப் போகிறான். ஒரு நாள் அவன் வந்து, “மாமா, பதினெட்டு அடி பைபர் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் அடிபட்டது. புதுப் படகின் விலையில் பாதிகூட இல்லை. வாங்கித் திருத்தினால் இனி நாங்கள் யாருக்கும் கூலிக்குப் போகத் தேவையில்லை” என்கிறான். மகள் வாய் திறக்கவில்லை. ஆனால் அவள் கண்கள் கெஞ்சுகின்றன.

இந்தத் தகப்பனார் என்ன செய்ய வேண்டும்? இது வெறும் வரவு செலவுக் கணக்கு என்று சிலர் சொல்லுவர். நான் அப்படி எண்ணவில்லை. இதில் பணத்தோடு மனச்சான்றும் சம்பந்தப்பட்டிருக்கிறது. எப்படி என்று காண்போம்.

பழையது என்பது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழையதை வாங்குவதும் பழுது பார்ப்பதும் இழிவான காரியங்கள் அல்ல. கிழிந்த கம்பளியைத் தைத்துப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து பறித்த தாய்மாரின் பிள்ளைகள் நாம். திருத்தக்கூடிய பொருளைத் தூக்கியெறிவது சிக்கனக் கேடு மட்டுமல்ல, அதைச் செய்த கைகளுக்கு மரியாதைக் குறைவுமாகும். வீசியெறியும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டின் தமது சுற்றுமடலில் கண்டித்ததும் இதனாலேதான்.

பழுது பார்த்த படகுக்கு ஓர் அரிய உதாரணம் ஆண்டவர் இயேசு நடமாடிய கலிலேயாவிலேயே கிடைத்திருக்கிறது. 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மழையின்றி ஏரியின் நீர் மட்டம் மிகவும் தாழ்ந்திருந்த வேளையில், கினோசர் என்னும் ஊருக்கு அண்மையில் மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் புதைந்திருந்த ஒரு படகின் ஓரத்தைக் கண்டார்கள். தோண்டி எடுத்து ஆராய்ந்தபோது, அது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்தது என்று தெரியவந்தது. நீளம் எட்டு மீற்றருக்குச் சற்று அதிகம். ஆண்டவரோ திருத்தூதர்களோ அதில் ஏறினார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆயினும் அவர்கள் காலத்துப் படகு எப்படி இருந்தது என்பதை அது காட்டுகிறது.

அந்தப் படகில் வியப்புக்குரியது அதன் மரங்களே. பலகைகளில் பெரும்பாலானவை கேதுரு மரம். குறுக்குச் சட்டங்கள் கருவாலி மரம். ஆனால் இடையிடையே பத்துக்கும் மேற்பட்ட வகை மரத்துண்டுகள் காணப்பட்டன. உடைந்த இடத்தில் கிடைத்த மரத்தை வைத்து, மீண்டும் மீண்டும் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். நல்ல மரம் வாங்க வசதியில்லாத, ஆனால் வேலை நன்றாகத் தெரிந்த ஒருவரின் கைவண்ணம் அது என்று கப்பற்கலை அறிஞர்கள் சொல்லுகிறார்கள். கலிலேயாவின் ஏழை மீனவரும் நம் தகப்பனாரைப் போல, புதியதற்கு வசதியின்றிப் பழையதைத் திருத்தியே பிழைத்தவர்கள். எனவே, “பழைய படகா? வேண்டவே வேண்டாம்” என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது அறிவுடைமையாகாது.

அப்படியானால் தவறு எங்கே நுழைகிறது?

பார்க்க மறுத்த கப்பற்காரர்

இங்கிலாந்தில் வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்னும் கணித மேதை ஒருவர் இருந்தார். 1845இல் பிறந்து 33 வயதிலேயே மறைந்தவர். 1870ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தை ஆராயச் சென்ற வேளையில், சிசிலித் தீவுக்கருகில் அவர் சென்ற கப்பல் விபத்துக்குள்ளாகி உயிர் தப்பியவர். 1877ஆம் ஆண்டில், எதையும் நம்புவதற்கு மனிதனுக்கு உள்ள ஒழுக்கக் கடமை பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் தத்துவ மாணவர்களால் படிக்கப்படுகிறது. அதில் அவர் ஒரு கதை சொல்லுகிறார்.

ஒரு கப்பற் சொந்தக்காரர். அவருடைய கப்பல் பழையது; தொடக்கத்திலேயே சரியாகக் கட்டப்படாதது; பல தடவை பழுது பார்க்கப்பட்டது. பிழைப்புத் தேடி நாடு விட்டு நாடு செல்லும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அது புறப்படவிருக்கிறது. “இது பயணத்துக்குத் தாங்குமா?” என்ற ஐயம் அவர் உள்ளத்தில் எழுகிறது. முழுமையாகச் சோதித்துத் திருத்தினால் பெருஞ் செலவாகும். அந்த ஐயம் அவரை வாட்டுகிறது. ஆகவே அவர் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளத் தொடங்குகிறார். இதுவரை எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல் இந்த முறை மட்டும் ஏன் வராது? புதுவாழ்வு தேடிப் போகும் இந்த ஏழைகளைக் கடவுள் கைவிடுவாரா? இப்படி எண்ணி எண்ணி ஐயத்தை அடக்கிவிடுகிறார். கப்பல் பத்திரமானது என்று உள்ளபடியே நம்பியும்விடுகிறார். மலர்ந்த முகத்தோடு வழியனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. அவர் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு வாய் மூடியிருக்கிறார்.

அவர் குற்றவாளியா? “அவர் மனமார நம்பினாரே, பொய் சொல்லவில்லையே!” என்று நீங்கள் வாதாடலாம். கிளிஃபோர்டின் விடை இதுதான்: அவர் மனமார நம்பியது உண்மையே, ஆனால் அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை. சோதித்துப் பார்த்து அடைந்த நம்பிக்கையல்ல அது. ஐயத்தின் கழுத்தை நெரித்துப் பெற்ற நம்பிக்கை. அவர் இன்னொரு படி மேலே சென்று கேட்கிறார்: கப்பல் மூழ்காமல் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருந்தால் அவருடைய குற்றம் குறையுமா? ஒரு துளியும் குறையாது. அப்போது அவர் குற்றமற்றவராகியிருக்க மாட்டார். அகப்படாதவராக மட்டுமே இருந்திருப்பார்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். நாம் பொதுவாக விளைவை வைத்தே தீர்மானத்தை அளக்கிறோம். படகு ஓடிவிட்டால், “கெட்டிக்காரன், மலிவாய் வாங்கினான்” என்கிறோம். மூழ்கிவிட்டால் “முட்டாள்” என்கிறோம். ஆனால் கடலும் காற்றும் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது பார்ப்பதும் பார்க்காமல் விடுவதுமே. ஆகவே நாம் கணக்குக் கொடுக்க வேண்டியதும் அதற்கேயாகும்.

கிளிஃபோர்ட் கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டவர். அவருடைய கொள்கைகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இந்த ஒரு விடயத்தில், அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித தோமாஸ் அக்குவினாஸ் இதே முடிவுக்கு வந்திருந்தார். அறியாமை சில வேளைகளில் குற்றத்தைக் குறைக்கும் என்று போதித்த அவர், ஒருவகை அறியாமைக்கு அந்தச் சலுகை இல்லை என்றார். தெரிந்துகொண்டால் மனம் உறுத்தும், விரும்பியதைச் செய்ய முடியாமல் போகும் என்று அஞ்சி, வேண்டுமென்றே தெரிந்துகொள்ளாதிருப்பதே அது.

“கடவுள் காப்பார்” என்னும் சொல்

அந்தக் கப்பற்காரர் தேவ பராமரிப்பைத் துணைக்கு அழைத்ததைக் கவனித்தீர்களா? விசுவாசமுள்ள குடும்பங்களுக்கு இது ஒரு தனிச் சோதனை. படகுக்குப் புனிதர் பெயரைச் சூட்டலாம். குருவானவரை அழைத்து மந்திரிக்கலாம். அணியத்தில் சிலுவை வரையலாம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் உளுத்த பலகைக்கு ஆசீர்வாதம் ஆணியாகாது. ஆலயத்தின் உச்சியிலிருந்து குதித்துப் பார், தூதர்கள் தாங்குவார்கள் என்று அலகை சொன்னபோது, ஆண்டவர் அதை விசுவாசமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடவுளைச் சோதிக்கும் குற்றமாகவே கண்டார். நம்மால் பார்க்கக்கூடியதைப் பார்த்து, செய்யக்கூடியதைச் செய்து முடித்த பிறகு மீதியை இறைவனிடம் ஒப்படைப்பதே விசுவாசம்.

நம் மூதாதையரும் பிறர் தீர்மானித்த கலங்களில் ஏறி வந்தவர்களே. 1864ஆம் ஆண்டில் தொழிலாளரை ஏற்றிவந்த ‘ஆதிலட்சுமி’ என்னும் கப்பல் மூழ்கி 120 பேர் மாண்டதாக மலையக வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். அவர்களும் தங்கள் தங்கள் தெய்வத்தை வேண்டிக்கொண்டுதான் ஏறியிருப்பார்கள். பயணியின் வேண்டுதல், கப்பலை அனுப்புகிறவரின் கடமையைத் தள்ளுபடி செய்துவிடாது.

ஏழைக்கு வேறு வழி ஏது?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழுகிறது. “இப்படியெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தால் ஏழை எப்போது முன்னேறுவது? எல்லாம் உறுதியான பிறகுதான் காலை எடுத்து வைப்பதென்றால், எந்தக் காலும் நகராதே!” இது புறக்கணிக்கத்தக்க வாதம் அன்று. அமெரிக்கத் தத்துவ ஞானி வில்லியம் ஜேம்ஸ் 1896ஆம் ஆண்டில் கிளிஃபோர்டுக்கு இதே தோரணையில் மறுமொழி கொடுத்தார். சில தீர்மானங்கள் முழு ஆதாரத்துக்காகக் காத்திருக்க இடம் தருவதில்லை. திருமணமும் நட்பும் அப்படிப்பட்டவை. அங்கே துணிந்து நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு என்றார்.

உண்மைதான். நம் தகப்பனார் மருமகனுடைய உழைப்பை நம்ப வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு மீன் பாடு எப்படியிருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. இவற்றில் துணிவு வேண்டும். ஆனால் ஜேம்ஸ் கொடுத்த உரிமை, ஆதாரத்தால் தீர்க்க முடியாத கேள்விகளுக்கே உரியது. படகின் உடம்பு உறுதியா என்பது அப்படிப்பட்ட கேள்வியல்ல. மரப் படகானால், கத்தி முனையால் குத்திப் பார்த்தால் உளுத்த இடம் தானே சொல்லும். அடிக்கட்டையும் வங்குகளும் உறுதியாய் இருந்தால் பலகையை மாற்றலாம்; ஆணி துருப்பிடித்திருந்தால் மாற்றலாம்; இடுக்குகளை அடைக்கலாம். அடிக்கட்டையே போய்விட்டதென்றால், மேலே செய்யும் வேலை எல்லாம் வீண் வேலை. பைபர் படகானால், நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் போதும். உள்ளே தட்டுப் பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாய்க் கேட்கும். இயந்திரம் மாட்டும் பின்பலகைக்குள் இருக்கும் மரம் நீரூறி இற்றுப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூசிய வர்ணம் புதிதாயிருந்தால், அதன் கீழே என்ன இருக்கிறதென்று சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பெரும் பணம் தேவையில்லை. படகைக் கரையேற்றி, விற்பனையில் எவ்வித ஆதாயமும் இல்லாத ஓர் ஓடாவியை, அதாவது படகு கட்டும் தச்சரை, அல்லது பைபர் வேலை தெரிந்த ஒருவரை அழைத்து ஒரு நாள் கூலி கொடுத்தால் போதும். அந்த ஒரு நாள் கூலியை மிச்சம்பிடிக்கிறவர் ஏழ்மையால் அப்படிச் செய்கிறார் என்று சொல்ல முடியாது. வரப்போகும் விடையை அஞ்சியே செய்கிறார். ஏழைக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் தேவை. பணக்காரரின் படகு மூழ்கினால் ஒரு படகு போகும். ஏழையின் படகு மூழ்கினால் முப்பத்தைந்து ஆண்டு உழைப்பும் அதோடு போகும்.

ஏறுகிறவர் யார்?

அடுத்து ஒரு கேள்வி. இந்தப் படகில் ஏறப்போகிறவர் யார்? தீர்மானிக்கிறவர் பசறையில், கரையிலிருந்து வெகு தூரத்தில், லயத்து வாசலில் அமர்ந்திருக்கிறார். ஏறப்போகிறவன் மருமகன். அவனோடு கூலிக்கு ஏறப்போகும் இன்னொருவன் இந்தப் பேச்சிலேயே இல்லை. அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கலாம். திருத்திய இடம் எது, திருத்தாமல் விட்டது எது என்பதை அவனுக்கு மறைக்காமல் சொல்லுவார்களா?

கிளிஃபோர்ட் எழுதிய அதே காலத்தில் இங்கிலாந்தின் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் இந்தக் கேள்வியையே நாட்டின் முன் வைத்தார். பழைய கப்பல்களை அளவுக்கு மீறி ஏற்றி, பெருந்தொகைக்குக் காப்புறுதி செய்து கடலுக்கு அனுப்பினார்கள். மூழ்கினாலும் சொந்தக்காரருக்கு நட்டமில்லை. வேலைக்கு ஒப்பந்தமான பின், கப்பலைக் கண்டு அஞ்சி ஏற மறுத்த மாலுமிகள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். மக்கள் அவற்றைச் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்று அழைத்தார்கள். பிளிம்சாலின் போராட்டத்தால் 1876ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதைக் காட்டும் கோடு கப்பலின் பக்கத்தில் வரையப்படலாயிற்று. இன்றும் சரக்குக் கப்பல்களில் அந்தக் கோட்டைக் காணலாம். கரையில் நிற்பவரின் இலாபத்துக்கும் கடலில் இருப்பவரின் உயிருக்கும் இடையே போடப்பட்ட கோடு அது.

நம் நாட்டிலும் இதற்கு நேர்மாறான ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1930ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். சிறிய பாய்ப்படகொன்றில் முன்னரே உலகைச் சுற்றி வந்தவர் அவர்; ஒரு கலத்தின் உறுதியை மதிப்பிடத் தெரிந்தவர். அக்கப்பல் ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மறுபெயர் பெற்று, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு பயணம் செய்து, 1938 ஆகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கியவருக்குக் கப்பலைத் தெரியும். ஏறியவர்களுக்கோ அது தங்கள் ஊர்க் கைகள் கட்டிய கப்பல். தெரிந்தவர்கள் தெரிந்து ஏறிய பயணம் அது.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். தேய்ந்த பிரேக்கோடு பழைய முச்சக்கர வண்டியை வாங்கி, பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குகிறவருக்கும் இதே கேள்விதான். இன்னும் பெரிய உதாரணம் நாம் வாழும் லயங்களே. பாட்டன் காலத்துக் காம்பராவுக்குத் தகரத்தை மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, “இன்னும் பத்து வருடம் தாங்கும்” என்று தீர்மானிப்பவர் யார்? பெரும்பாலும் அந்தக் கூரையின் கீழ் படுக்காதவர். லயமும் ஒரு கப்பல்தான். அதில் பயணம் செய்கிறவர் ஒருவர்; கரையில் நின்று கையசைப்பவர் வேறொருவர்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்கள் வேறிடத்துக்குப் போக வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் மலையடியிலேயே இருந்தார்கள். அவர்கள் போவதற்குக் காணியும் வீடும் வேண்டும் அல்லவா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளில் உயிர்களை இழந்தது. ஒவ்வொரு மழைக்காலமும் மண்சரிவின்றிக் கழியும்போது, “பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அதுவும் அந்தக் கப்பற்காரரின் பேச்சே. கப்பல் கரை சேர்ந்ததால் அவர் குற்றமற்றவர் ஆகிவிடவில்லை என்பதை மறவாதீர்கள்.

விற்கிறவரின் கடமை

வாங்குகிறவரைப் பற்றியே பேசினால் போதாது. வெடிப்பை மெழுகி, வர்ணம் பூசி, “சின்னக் காயம்தான்” என்று விற்கிறவரும் இருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் குறையை விலையில் குறைத்துக் கொடுத்தால் போதும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று புனித தோமாஸ் போதிக்கிறார். ஆனால் மறைந்திருக்கும் குறை, வாங்குகிறவருக்கு ஆபத்தோ நட்டமோ விளைவிக்குமானால், அதைச் சொல்லாமல் விற்பது வஞ்சகம். விற்றவர் ஈடு செய்யவும் கடமைப்பட்டவர். இடிந்து விழப்போகும் வீட்டை உறுதியான வீடென்று விற்பதை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். ‘வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டும்’ என்பது சந்தையின் நியாயமாக இருக்கலாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அது செல்லாது.

இந்தக் கடமை நாளைக்கு நம் தகப்பனாருடையதாகவும் ஆகலாம். வாங்கிய பின் படகு தேறாது என்று தெரிந்தால், “நான் ஏமாந்தேன், இனி வேறு யாராவது ஏமாறட்டும்” என்ற எண்ணம் வரும். அந்தப் படகை வாங்கப்போகிறவரும் அநேகமாக இன்னொரு ஏழைதான்.

என்ன செய்யலாம்?

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நாம் சொல்லக்கூடிய யோசனை என்ன? வாங்கு என்றோ வாங்காதே என்றோ இங்கிருந்து சொல்ல முடியாது. அதை அந்தப் படகே சொல்ல வேண்டும். ஆனால் கேட்கும் முறையைச் சொல்லலாம்.

முதலாவது, பணத்தைக் கையில் கொண்டு போகாமல் படகைப் பார்க்கப் போகட்டும். முற்பணம் கொடுத்தவன் கண், குறையைக் காண மறுக்கும். இரண்டாவது, படகின் விலையோடு நிற்காமல், திருத்தும் செலவு, வெளியிணைப்பு இயந்திரம், வலை, பதிவு, உயிர்காப்பு அங்கி அனைத்தையும் கூட்டட்டும். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவரே உவமை சொல்லியிருக்கிறார். மூன்றாவது, இவ்வளவுக்கு மேல் ஒரு சதமும் போடுவதில்லை என்ற எல்லையை, வேலை தொடங்கு முன்னரே வகுத்துக்கொள்ளட்டும். “இவ்வளவும் போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் போடுவோம்” என்ற பேச்சால் குடும்பத்தோடு மூழ்கிப்போனவர்கள், கடலைக் காணாத ஊர்களிலும் உண்டு. நான்காவது, வீட்டுக்காரியிடம் கேட்கட்டும். அந்தப் பணம் அவர் பெயரில் வந்திருக்கலாம். ஆனால் அந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் அடுப்பையும் கொழுந்துக் கூடையையும் சுமந்தவள் அவளும்தான். ஐந்தாவது, படகில் ஏறப்போகும் ஒவ்வொருவருக்கும் உண்மை முழுவதையும் சொல்லட்டும்.

இத்தனையும் செய்த பின் படகு உறுதியானது என்று கண்டால், தயங்காமல் வாங்கட்டும். பிறகு ஒருவேளை கடல் அதைக் கொண்டு போனாலும், அது துயரமாக இருக்கும், குற்றமாக இருக்காது. படகு தேறாது என்று கண்டால், மகளின் கண்ணீரைக் கண்டும் கைகட்டி நிற்கும் மனத்திடம் அவருக்கு வேண்டும். மருமகனை இன்னும் சில காலம் கூலிக்குப் போகச் சொல்லுவது கசப்பானதுதான். ஆனால் மகளை விதவையாக்கும் பரிசைக் கொடுக்காமலிருப்பதும் தகப்பனின் அன்பே.

கலிலேயப் படகைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. அவ்வளவு ஒட்டுப்போட்ட அந்தப் படகை அதன் சொந்தக்காரர் கடைசிவரை ஓட்டவில்லை. இனித் தேறாது என்ற நாள் வந்தபோது, இன்னொரு படகுக்கு உதவக்கூடிய பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியை ஏரியில் விட்டுவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எத்தனை தடவை திருத்தலாம் என்று தெரிந்திருந்ததைப் போலவே, எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அந்தப் பெயர் தெரியாத ஏழைக்குத் தெரிந்திருந்தது.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டில் இன்று தீர்மானத்துக்காகக் காத்திருப்பது படகாக இருக்க முடியாது. பழைய வண்டியாக இருக்கலாம், வெடித்த சுவராக இருக்கலாம், மகனை வெளிநாடு அனுப்பும் முகவரின் வாக்குறுதியாக இருக்கலாம். அதன் எந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்க உங்கள் மனம் அஞ்சுகிறதோ, அந்த இடத்தை இன்றே சுரண்டிப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு நீங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும், இரவில் உங்களால் நிம்மதியாகத் தூங்க முடியும்.